பேச்சியம்மாளைப் பார்த்து நாம் சிரித்தது

செல்வா,

உனக்குத் தமிழ் நாலாம் வகுப்போடு நின்றுபோனது. இப்போதும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். தெரிந்துதான் இதைத் தமிழில் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வெட்டிவிடுவாய். வாட்ஸப்பில் பேசி அனுப்பினால் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு கேட்பாய். இதை நீ வேகமாக வாசிக்க முடியாது. வரிக்கு வரி நின்று நின்றுதான் போக வேண்டும். எனக்கு வேண்டியதும் அதுதான்.

திங்கட்கிழமை நீ புனேக்குப் போகிறாய். சின்னப் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகத்தை வாசித்துக் காட்டி அவர்களைப் பேச வைப்பது எப்படி என்று, உன் பள்ளிக்கூடத்தின் மற்றக் கிளைகளில் இருக்கும் டீச்சர்களுக்கு ஒரு மாதம் சொல்லிக்கொடுக்கப் போகிறாய். இங்கே தாராவி லேபர் கேம்பில் எல்லோருக்கும் சந்தோஷம். "டீச்சர் மவன் டீச்சர்மாருக்கே டீச்சராயிட்டான்லா" என்று கீழ்வீட்டு சொர்ணம் பேடா கொண்டுவந்து தந்தாள். வாங்கி வைத்தேன். தின்னவில்லை. போன வியாழக்கிழமை உன் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததை அவளிடம் சொல்ல முடியாது. உன்னிடம் சொல்லலாம். ஆனால் அதற்கு முன்னால், நீ எட்டு வயதில் என் வகுப்பில் இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். உனக்கு அது மறந்திருக்கும். செய்தவர்களுக்கு மறந்துவிடுவது சுலபம். எனக்கு மட்டும் மறக்காமல் போனது எப்படி என்பதையும் சொல்கிறேன்.

தாராவியில் நான் வேலை பார்த்த தமிழ்ப் பள்ளி உனக்குத் தெரியும். மாடியில் மூன்றாம் வகுப்பு. கீழே பட்டறையில் பழைய டப்பா நசுக்கும் சத்தம் நாள் முழுக்க வரும். நாற்பது பிள்ளைகள். நீ முதல் பெஞ்ச். உன்னை வேறு பிரிவில் போடச் சொன்னார்கள், நான்தான் பிடிவாதம் பிடித்து என் வகுப்பிலேயே வைத்துக்கொண்டேன். அந்த வருஷம் சூப்பர்வைசர் வரப்போகிறார் என்று சொன்னார்கள். டீச்சர் ஒரு கதையை வாசிக்க வேண்டும், பிள்ளைகள் கேட்டுவிட்டுத் தங்கள் மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும், அவர் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். மனதில் பட்டதைச் சொல்ல விட்டால் என் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தேன். அதனால் மனதில் பட வேண்டியதையெல்லாம் நானே தாளில் எழுதி, கிழித்து, ஆளுக்கொன்று கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னேன். மிக நல்லது எதுவோ அது உனக்கு. மிச்சம் மற்றவர்களுக்கு.

கதை ஒரு நாயைப் பற்றியது. ஒரு குடும்பம் வீடு மாறிப் போகும்போது நாயை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. நாய் பூட்டிய கதவுக்கு முன்னால் மழையில் கிடக்கிறது. எங்கும் போகவில்லை. கடைசியில் அவர்கள் திரும்பி வந்து அதைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அவ்வளவுதான். உன்னோடு படித்த பேச்சியம்மாளுக்கு நான் கொடுத்த துண்டில் "நாயின் அன்பு என் மனதை நெகிழ வைத்தது" என்று எழுதியிருந்தது. அவளுக்கு நெகிழ என்ற வார்த்தை வாயில் வரவில்லை. "நெளிய வச்சது" என்றாள். ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லி வகுப்பு சிரித்தது. முதல் நாள் அவளும் சேர்ந்து சிரித்தாள்.

சூப்பர்வைசர் மராத்திக்காரர், தமிழ் தெரியாது. நான் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். நீ எழுந்து உன் கருத்தைச் சொன்னாய், அடுத்தவன் சொன்னான், அடுத்தவள் சொன்னாள். பேச்சியின் முறை வந்தது. எழுந்து நின்றாள். துண்டுத் தாள் கையில் இருந்தது, அதைப் பார்க்கவில்லை.

"அவுக வரமாட்டாக டீச்சர்" என்றாள். "வேணாம்னுதான விட்டுட்டுப் போனாக. நாயி அங்கனயே கெடந்து செத்துப்போவும். இது பொய்க் கத."

சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, "க்யா போலி?" என்று கேட்டார். நாய்க்கு நன்றி அதிகம் என்று சொல்கிறாள் என்றேன். நல்லது என்று தலையாட்டினார். டீ குடித்தார், போனார். நாற்பது பேரில் கதையைக் கேட்டவள் அன்றைக்கு அவள் ஒருத்திதான் என்று இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு வந்தது கோபம்.

அவர் படி இறங்கிய பிறகு பேச்சியை பெஞ்சின் மேல் ஏற்றினேன். "கதையோட கடைசி வரி என்னது? சொல்லு" என்றேன். "அவர்கள் திரும்பி வந்தார்கள்" என்றாள். சத்தமாக என்றேன். சொன்னாள். இன்னொரு தடவை என்றேன். மணி அடிக்கும்வரை அவளை அதையே சொல்ல வைத்தேன். நடுவில் விக்க ஆரம்பித்தாள், "திரும்பி" என்பது இரண்டு துண்டாக உடைந்து வந்தது. விக்கலோடு சொல்லச் சொன்னேன். செல்வா, அவளுடைய அம்மா அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஓர் ஆளோடு சூரத்துக்குப் போனவள். அப்பா தோல் பட்டறையில் கிடப்பார். அத்தை வீட்டில் வளர்ந்தாள். எனக்கு இது தெரியாது, பிறகுதான் கேள்விப்பட்டேன் என்று எழுத எவ்வளவோ ஆசை. தெரியும். அந்தச் சந்துக்கே தெரியும். தெரிந்துதான் அந்த வரியை நான் தேர்ந்தெடுத்தேன்.

அன்றைக்கு மத்தியானம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது நீ எழுந்து நின்று பேச்சியைப் போலவே செய்து காட்டினாய். மூக்கால் பேசும் அந்தக் குரல், விக்கல், "திரும்பி"யில் அந்த உடைசல், கையில் துண்டுத் தாள் பிடித்த விதம்கூட. அச்சாக இருந்தது. எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அடுக்களையிலிருந்த உன் அப்பாவைக் கூப்பிட்டு, "மறுபடியும் செய்லே, அப்பா பாக்கட்டும்" என்றேன். மறுபடியும் செய்தாய். அப்பா சிரிக்கவில்லை. "போதும்டே, சோத்தத் தின்னு" என்று மட்டும் சொன்னார். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன். அம்மாவைச் சந்தோஷப்படுத்த ஒரு வழி கண்டுபிடித்துவிட்ட பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன். இருபது வருஷமாக நீ அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறாய்.

மறுநாள் வகுப்பில் செய்து காட்டினாய். அதற்கடுத்த நாள், காலையில் பேச்சி வாசலில் கால் வைத்ததும் மற்ற முப்பத்தொன்பது பிள்ளைகளும் ஒரே குரலில், "அவர்கள் திரும்பி வந்தார்கள்!" என்றார்கள். தாளம் போட்டுக் கொடுத்தவன் நீ. நான் வருகைப் பதிவை எழுதிக்கொண்டிருந்தேன், தலையைத் தூக்கவில்லை. ஒரு வார்த்தையில் நிறுத்தியிருக்கலாம். தினமும் நடந்தது. அவள் பேசுவதை விட்டாள். கேள்வி கேட்டால் எழுந்து சும்மா நிற்பாள். "பேருதான் பேச்சி, வாயத் தொறந்தா காத்துதான் வருது" என்று நான் சொன்னேன். அதற்கும் சிரிப்பு. மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒருநாள் அவள் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. ஊருக்குப் போய்விட்டாள் என்று பதிவேட்டில் எழுதிப் பெயரை அடித்தேன். ஊருக்குப் போகவில்லை. பள்ளிக்கு இரண்டு சந்து தள்ளித் தைக்கிற பட்டறை ஒன்றில் சட்டைகளில் தொங்கும் நூலை வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த வழியாகப் போகும்போது நான் அவளைப் பார்த்திருக்கிறேன். அவளும் பார்த்திருக்கிறாள். இரண்டு பேருமே பார்க்காத மாதிரி இருந்தோம். எனக்கு முப்பத்தெட்டு வயது, அவளுக்கு எட்டு.

நீ இப்போது, "அம்மா, நாங்க குழந்தைங்க, எங்களுக்கு என்ன தெரியும்" என்பாய். சரி. உன்னைக் குற்றம் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு என்னுடையது, நீ எனக்காகச் சிரித்தாய். ஆனால் உனக்கு இப்போது இருபத்தெட்டு வயது.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால், ஜூன் மாதத்தில், பெரிய டீச்சருடைய அறையில் சேர்க்கைப் பாரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் தன் மகளோடு வந்தாள். மூக்கால் பேசும் குரல். நிமிர்ந்து பார்த்தேன், பேச்சியம்மாள். பெரிய டீச்சர் என்னைக் காட்டி, "இவங்க வகுப்புல போடுறேம்மா, சீனியர் டீச்சர்" என்றார்.

"இவுக வகுப்பு வேண்டாம் மேடம்" என்றாள்.

"ஏம்மா?"

"இவுக கத வாசிப்பாக."

"நல்லதுதானம்மா அது?"

"வாசிச்சிட்டுக் கேள்வி கேப்பாக" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வது மாதிரி சொன்னாள். பெரிய டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை, அடுத்த பிரிவில் எழுதிக்கொண்டார். பேச்சி கையெழுத்துப் போட்டாள். அந்தப் பேச்சியம்மாள் என்ற ஏழு எழுத்தும் நான் எழுதப் பழக்கியவை. ள் எழுதும்போது வால் நீளமாக இழுத்துவிடும் பழக்கம்கூட என்னுடையது. மன்னிப்புக் கேட்க நான் எழுந்தேன். என்னைத் தாண்டி மகளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிவிட்டாள். பிறகு இரண்டு தடவை அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். முதல் தடவை கதவைத் திறக்கவில்லை. இரண்டாம் தடவை திறந்தாள். "டீச்சர், உங்களுக்கு மனசு ஆறணும்னு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சாத்தினாள். அவள் செய்தது சரி. நான் கேட்கப் போனதும் எனக்காகத்தான், அவளுக்காக இல்லை.

மிச்சமிருந்த இரண்டு வருஷத்தில்தான் வாசித்துக் காட்டுவதற்கு நான் பழகினேன். முப்பது வருஷத்தை வீணாக்கியவளின் இரண்டு வருஷம். அதில் கற்றதை உனக்குத் தருகிறேன், புனேயில் உதவும். அதே நாய்க் கதையை எடுத்துப்போய் வாசித்தேன். முடித்ததும் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்த மௌனம் எவ்வளவு கொடுமை தெரியுமா? ஏதாவது கேட்டுவிட வேண்டும் என்று நாக்கு துடிக்கும். பிள்ளைகள் பேசாமல் போவதற்குப் பாதிக் காரணம் நாம் அந்த ஒரு நிமிஷத்தைத் தாங்க மாட்டாமல் வாயைத் திறந்துவிடுவதுதான். முதல் நாள் யாரும் பேசவில்லை. இரண்டாம் நாள் அதே கதை. அன்றும் இல்லை. நாலாம் நாள் ஒரு பையன், "டீச்சர், புது பில்டிங்ல நாய விட மாட்டாங்க" என்றான். அந்தப் பிள்ளைகளின் சந்து வீடுகளை இடித்துவிட்டு உயரமான கட்டடம் கட்டப்போவதாக அதிகாரிகள் வந்து அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். "லிஃப்ட்ல ஏத்த மாட்டாங்கல்லா" என்றது இன்னொன்று. "வாட்ச்மேன் அடிப்பான்." "அதனால விட்டுட்டுப் போயிருப்பாங்க. அவங்களும் அழுதிருப்பாங்க." ஒரு பெண் எதுவும் பேசாமல் படம் வரைந்தாள். பூட்டிய கதவு மட்டும். நாய் எங்கே என்று கேட்கப்போனேன், வாயை மூடிக்கொண்டேன். அவளே சொன்னாள், "அது காத்திருந்து பாத்துட்டுப் போயிடுச்சு. அதுக்கு வேற கூட்டாளிங்க கெடச்சிட்டாங்க."

அன்றைக்கு ஷாபாஷ் என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது! சொல்லவில்லை. நீ ஒரு பிள்ளையின் பதிலுக்கு ஷாபாஷ் சொன்னால் மற்ற முப்பத்தொன்பதும் அதே பதிலைத் திருப்பிச் சொல்லும், நீ வேண்டுமானால் பார். அவர்கள் சொன்னதை உன் நல்ல பாஷையில் திருத்தித் திருப்பிச் சொல்லாதே. அவர்கள் சொன்னதை எடுத்துக்கொண்டு உன்னுடையதைக் கையில் கொடுப்பது அது. வீட்டுப் பேச்சிலோ இந்தியிலோ எப்படி வருகிறதோ அப்படி வரட்டும். கதையிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்காதே. பிடிக்கவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால், அதுதான் கதையை நன்றாகக் கேட்ட பிள்ளை என்று நினைத்துக்கொள். பேசவே விரும்பாத பிள்ளைக்கு, பேசாமல் இருக்க இடம் கொடு.

இன்னொன்றும் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும், இதுதான் எனக்கு மிகவும் கஷ்டம். சூப்பர்வைசர் வருவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் அந்த நாய்க் கதையை உனக்கு முதலில் வாசித்தேன். பாதியிலேயே நீ அழுதாய். கடைசி வரை போன பிறகும் அழுகை நிற்கவில்லை. "அவங்க இன்னொரு தடவ வீடு மாறுனா என்னம்மா பண்ணும்?" என்று கேட்டாய். பிள்ளைகள் சொன்னதில் நான் என் வாழ்நாளில் கேட்ட மிக நல்ல கேள்விகளில் ஒன்று அது. "அழுவாத, மூக்கத் தொடச்சுக்க. நான் எழுதிக் கொடுத்தத ஒப்பி" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒப்பித்தாய். அதற்குப் பிறகு எந்தக் கதைக்கும் நீ அழுது நான் பார்த்ததில்லை. பேச்சியின் வாயை அடைத்தது நாற்பது பேருக்கு முன்னால். உன் வாயை அடைத்தது வீட்டுக்குள்ளே, ஒரு சத்தம் இல்லாமல். அவளுக்காவது தனக்கு என்ன நடந்தது என்று தெரியும்.

இப்போது போன வியாழக்கிழமைக்கு வருகிறேன். நீதான் ஆசையாக, "வந்து பாரும்மா என் வகுப்ப" என்று செம்பூரில் இருக்கும் உன் பள்ளிக்குக் கூப்பிட்டாய். நீ வாசித்தது, பொய் சொல்லவில்லை, என்னைவிட நூறு மடங்கு நன்றாக இருந்தது. வெள்ளம் வருகிறது, ஒரே மரத்தில் எருமை, குரங்கு, காக்கா, முள்ளம்பன்றி எல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் கொடுத்தாய். எருமை மரத்தில் ஏறும் இடத்தில் நானே சிரித்தேன். பிறகு புத்தகத்தை மூடி, முள்ளம்பன்றிக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்டாய். மூன்றாவது வரிசையில் அஸ்மிதா என்ற சின்னப் பெண் எழுந்து, "சர், உஸ்கோ நீந்த் ஆ கயா" என்றாள். அதற்குத் தூக்கம் வந்துவிட்டது என்றாள். அவளுக்கு ச வராது, த மாதிரி வரும். நீ அதே நாக்கோடு, அதே மாதிரி கண்ணைக் கசக்கிக்கொண்டு, "தர், உத்கோ நீந்த்!" என்று சொல்லிக் கொட்டாவி விட்டுக் காட்டினாய். வகுப்பு வெடித்துச் சிரித்தது. அஸ்மிதாவும் சிரித்தாள். நீ கடைசி பெஞ்சைப் பார்த்து எனக்குக் கண் காட்டினாய். எட்டு வயதில் சாப்பாட்டுக்கு முன்னால் என்னைப் பார்த்த அதே முகம்.

வெளியே வந்து, "அவளே சிரிச்சா பாத்தியாம்மா, ரொம்ப ஸ்போர்ட்டிவ்" என்றாய். அடிக்கிறவன் முன்னால் சிரித்தால் அடி சீக்கிரம் நிற்கும் என்று குழந்தைகளுக்குத் தெரியும். உனக்குக் குழந்தைகளைப் பிடிக்கும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவர்கள் உன்னைப் பார்த்துச் சிரிப்பதுதான் உனக்குப் பிடிக்கும். இதை வேறு யாரும் உன்னிடம் சொல்ல மாட்டார்கள், உன் வகுப்பு அவ்வளவு கலகலப்பு. திங்கட்கிழமையிலிருந்து இதைத்தான் புனேயில் டீச்சர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாய். அவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு வகுப்பு இருக்கிறது.

இடைவேளையில் நீ ஸ்டாஃப் ரூமுக்குப் போனாய். நான் அந்தப் புத்தகத்தோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அஸ்மிதா தண்ணீர் பாட்டிலோடு வந்து, கொஞ்ச தூரத்தில் நின்றாள். மரம் வருகிற பக்கத்தைத் திறந்து பெஞ்சில் வைத்துவிட்டு நான் வேறு பக்கம் பார்த்தேன். ரொம்ப நேரம் கழித்து வந்து உட்கார்ந்தாள். இந்தியில் தானாகவே பேச ஆரம்பித்தாள். எருமை அவளுடைய அப்பாவாம், கனமாக இருந்தாலும் ஏறிவிடுவாராம். காக்கா பக்கத்தில் உட்காரும் பெண். முள்ளம்பன்றி அவள்தான். நிஜமாகவே தூங்கவில்லையாம், கண்ணை மூடிக்கொண்டிருக்கிறதாம். அப்படி இருந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்களாம். அந்தப் படத்தில் சார் யார் என்று நான் கேட்கவில்லை. அவளாகவே விரலைக் கிளைகளிலிருந்து கீழே கொண்டுபோனாள், வேர் வரை, அதற்கும் கீழே, மரத்தைச் சுற்றி ஏறிக்கொண்டிருந்த தண்ணீரில் வைத்தாள்.

"சர்" என்றாள்.

இதை சாரிடம் நான் சொல்லலாமா என்று கேட்டேன். யோசித்தாள். மணி அடித்துவிட்டது, பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"சொல்லுங்க" என்றாள். "ஆனா என்னை மாதிரி பேசிச் சொல்லாதீங்க."